மூத்த பிள்ளை சவலையாவது ஏன்?

கைக்குழந்தை ஒன்று, தத்தித் தத்தி ஓடும் பிள்ளை ஒன்று, இரண்டும் உள்ள வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இப்படிப்பட்ட தலைப்பு என்றால் எல்லாரும் புதுப் பாப்பாவைப் பற்றித்தான் பேசுவோம். நான் இன்று மூத்ததைப் பற்றிப் பேசப்போகிறேன். புதிதாய் வந்ததைப் பார்க்க ஆள் நிறைய உண்டு. ஏற்கெனவே இருப்பதை யார் பார்ப்பது?

செடெனாக் பக்கம் வந்து பாருங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டி, கூலாய் போய்ச் சேரும் முன்னால் வரும் ஊர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனைக்கு நடுவில் தரவு மையங்கள் எழும்புகின்றன. ஊர் எவ்வளவு மாறினாலும் பிள்ளை பெற்ற வீடு மாறவில்லை. பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியச் சாப்பாடு, சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு. வருகிறவர்கள் நேராகத் தொட்டிலுக்குப் போகிறார்கள். வாசலில் நிற்கிற இரண்டு வயதுக்காரனைப் பார்த்து, "இனிமே நீ அண்ணன், அழக்கூடாது சரியா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். நேற்று வரை அவன்தான் அந்த வீட்டுப் பாப்பா. ஒரே இரவில் அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டோம். சம்பளத்தை மட்டும் குறைத்துவிட்டோம்!

இப்படி இளைத்து, சிணுங்கி, சோறு பிடிக்காமல் போகிற பிள்ளைக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. சவலைப் பிள்ளை. அடுத்தது வயிற்றில் வந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, தேறாமல் போன பிள்ளையைத்தான் நம் பாட்டிமார்கள் அப்படிச் சொன்னார்கள். இந்தச் சொல் இளையவர்கள் வாயில் இப்போது அதிகம் வருவதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், ஆப்பிரிக்காவிலும் இதற்கு ஒரு சொல் இருந்தது. சிசிலி வில்லியம்ஸ் என்ற ஜமைக்காவில் பிறந்த டாக்டர், இன்றைய கானாவில், அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், 1929 முதல் வேலை செய்தார். கை கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் சாவதைப் பார்த்தார். இது என்ன நோய் என்று அங்குள்ள தாய்மார்களைக் கேட்டார். 'குவாஷியோர்கர்' என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வருகிற நோய் என்று அதற்குப் பொருள். பால் நின்றுபோய், மக்காச்சோளக் கஞ்சியை மட்டும் குடித்து வளர்ந்த பிள்ளைகள் அவை. வில்லியம்ஸ் 1933-இல் இந்த நோயைப் பற்றி எழுதினார். 1935-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அந்த மக்கள் சொன்ன பெயரையே நோய்க்குச் சூட்டினார். படித்த டாக்டர்கள் பெயர் தெரியாமல் நின்ற இடத்தில், பெற்ற தாய்க்குப் பெயரும் தெரிந்திருந்தது, காரணமும் தெரிந்திருந்தது.

அவர் கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். 1936-இல் அவரை மலாயாவுக்கு மாற்றினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு போட்ட டின் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதைக் கண்டார். தாதி மாதிரி உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பிக் கம்பெனிகள் அதை விற்றன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசும்போது தம் உரைக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. பிறகு திரெங்கானு, ஜப்பான்காரன் காலத்தில் சாங்கிச் சிறை, 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவர் பதவி. நம் மண்ணில் நடந்து போன இந்த அம்மாவை நம் பாடப்புத்தகங்கள் ஏனோ கண்டுகொள்ளவில்லை.

அதெல்லாம் பஞ்ச காலம், இப்போது யார் வீட்டில் சோற்றுக்குக் குறை என்று கேட்பீர்கள். 2019-இல் நம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்குரிய உயரம் இல்லாமல் இருந்தார்கள். ஐந்தில் ஒரு பிள்ளை! வயிறு நிறைந்திருக்கலாம், எதனால் நிறைந்தது என்பதுதான் கேள்வி. அம்மாவுக்குக் கை ஒழியாத வீட்டில் மூத்ததன் கையில் பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் போய்ச் சேர்கின்றன. முட்டை, நெத்திலி, பருப்பு, ஒரு துண்டு மீன் என்று உட்கார வைத்து ஊட்ட ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை.

அன்று தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியும் முன் பெரட்டுக்குப் போகும் தாய், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் விடுவாள். அது பெரிய வசதி ஒன்றுமில்லை, அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்று ஆயாவுக்குத் தெரியும். இன்றைய தாய் செனாய் தொழிற்சாலைக்கோ, பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கோ அதே இருட்டில்தான் கிளம்புகிறாள். பிள்ளை பக்கத்து வீட்டு அக்காவிடம். நான்கு பிள்ளைகளுக்கு மேல் போனால்தான் பதிவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியல்ல. கூலிக்குப் பார்க்கும் இடத்தில், வெவ்வேறு வீட்டைச் சேர்ந்த நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் இருந்தாலே, 1984-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும்.

சரி, சாப்பாடு போகட்டும், மனசு? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கேரல் கெண்ட்ரிக் என்ற இருவர் 40 குடும்பங்களுக்குப் போய், இரண்டாவது பிள்ளை பிறக்கும் முன்னும் பின்னும் பார்த்து 1982-இல் புத்தகமாக எழுதினார்கள். எந்த வீட்டில் தாய் மூத்ததிடம், "பாப்பா ஏன் அழுது? பசிக்குதோ? உன்னைத்தான் பாக்குது பார்" என்று, பாப்பாவையும் ஓர் ஆளாக மதித்துப் பேசினாளோ, அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓராண்டுக்குப் பிறகும் நட்பாக இருந்தார்கள். காசு செலவில்லாத வைத்தியம். பாப்பாவைத் தொடாதே என்று விரட்டுவதற்குப் பதில், பாப்பாவுக்கு என்ன வேண்டும் என்று அவனையே கேளுங்கள். நாப்பி எடுத்து வரச் சொல்லுங்கள்.

சிறுநீர் சொல்லப் பழகிய பிள்ளை மறுபடியும் நனைக்கும். கப்பில் குடித்தது போத்தல் கேட்கும். நான் மருத்துவர் அல்ல, தொடர்புத் துறையில் டிப்ளமோ வாங்கியவள். ஆகவே எனக்குத் தெரிந்த துறையிலிருந்து சொல்கிறேன்: அது பேசத் தெரியாத பிள்ளை அனுப்புகிற செய்தி. அடித்தால் செய்தி நிற்காது, சத்தம்தான் கூடும். பாப்பாவுக்குப் பால் கொடுக்க உட்காரும் முன் மூத்ததற்கும் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பழமோ, பார்க்கப் படப் புத்தகமோ வைத்துவிட்டு உட்காருங்கள். அவன் வம்பு செய்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

பாட்டி வீட்டுக்கு மூத்ததை நாற்பது நாளுக்கு அனுப்புகிற வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் கணக்கில், பாப்பா வந்தது, தன்னை வெளியே அனுப்பினார்கள், அவ்வளவுதான். முடிந்தால் பாட்டியை இங்கே வரவழையுங்கள்.

அப்பாமார்களுக்கும் ஒரு சேதி. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. அதே நிறுவனத்தில் குறைந்தது 12 மாதம் வேலை செய்த, திருமணமான அப்பாவுக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஐந்து பிரசவம் வரை எடுக்கலாம். அந்த ஏழு நாளில் பாப்பாவை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள், அம்மா மூத்ததோடு அரை மணி நேரம் உட்காரட்டும். பல வீடுகளில் தலைகீழாக நடக்கிறது. மூத்தவனை அப்பா கடைக்குக் கூட்டிப்போய்விடுகிறார். அவன் தேடுவதோ அம்மாவை.

இன்னொன்று, கர்ப்பமானதும் மூத்ததற்குத் தாய்ப்பாலை வெடுக்கென்று நிறுத்துவது. அந்தப் பால் கெட்டது என்று சொல்வது சரியல்ல. கர்ப்பம் சாதாரணமாக இருந்தால் தொடரலாம். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதம் இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

கடைசியாகக் கிளினிக் விஷயம். நம் நாட்டு அட்டவணைப்படி 18 மாதத்தில் ஓர் ஊசி. அதற்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடுத்த ஊசி ஏழு வயதில், பள்ளிக்கூடத்தில்தான். ஊசி இல்லையென்றால் கிளினிக் வாசலையே மறந்துவிடுகிறோம். சரியாக அந்த இடைவெளியில்தான் தம்பியோ தங்கையோ பிறக்கிறது. ஆகவே பாப்பாவுக்கு ஊசி போடப் போகிற நாளில் மூத்ததன் சுகாதாரப் புத்தகத்தையும் பையில் வையுங்கள். அவனையும் தராசில் ஏற்றி, உயரம் அளந்து, புத்தகத்தில் புள்ளி வைத்துத் தரும்படி தாதியிடம் கேளுங்கள். சென்ற முறை வைத்த புள்ளியைவிட இந்தப் புள்ளி மேலே ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.