வீட்டு மாடியில் சூரிய மின்சாரம்: எத்தனை கிலோவாட் போதும்?

வீட்டு மாடியில் சோலார் பேனல் அமைத்து மின்வாரியக் கம்பியுடன் இணைப்பதில் சிறு விவசாயிகளும் இப்போது ஆர்வம் காட்டி வருகின்றனர். 2024-இல் மத்திய அரசு தொடங்கிய ‘சூர்ய கர்’ திட்டத்தில் 1 கிலோவாட்டிற்கு ரூ.30,000, 2 கிலோவாட்டிற்கு ரூ.60,000, 3 கிலோவாட்டிற்கும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் அறிவிக்கப்பட்டதே இதற்கு முக்கியக் காரணம். ஆனால் மானியத் தொகையைப் பார்த்து அமைப்பின் அளவை முடிவு செய்யக் கூடாது. மின் கட்டண அட்டையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பேனல் தருவது பாட்டரியில் கிடைப்பதைப் போன்ற டி.சி. மின்சாரம். இன்வர்ட்டர் அதை வீட்டுக்கு ஏற்ற ஏ.சி. மின்சாரமாக மாற்றுகிறது. பகலில் வீட்டுத் தேவைக்குப் போக மீதமுள்ளது மின்வாரியக் கம்பிக்குச் செல்கிறது. இரவில் அங்கிருந்து மின்சாரம் பெறப்படுகிறது. போவதையும் வருவதையும் இருவழி மீட்டர் தனித்தனியே பதிவு செய்யும். ஒன்றை மற்றொன்றில் கழித்துக் கணக்கிடுவர்.

நம் மாநிலத்தில் 1 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்திற்குச் சுமார் 240 யூனிட் தரும். இரண்டு மாதத்திற்கு 500 யூனிட் செலவாகும் வீட்டில் 1 கிலோவாட் அமைத்தால் கணக்கில் நிற்பது 260 யூனிட். வீட்டுக் கட்டணம் படிப்படியாக உயர்வது என்பதால் விலை கூடிய மேல்படி யூனிட்டுகளே முதலில் கழிகின்றன. இரண்டாவது கிலோவாட் போட்டால் மீதி 20 யூனிட்தான். ஆனால் இம்முறை கழிவன மலிவான யூனிட்டுகள். 2016-இல் கொண்டுவரப்பட்ட 100 யூனிட் இலவசச் சலுகையும் இதில் வீணாகிறது. ஆகவே முதல் கிலோவாட் தரும் லாபத்தை இரண்டாவது தராது. இரு மாதத்திற்கு 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு, கடன் வாங்கிப் பேனல் போடுவதைப் பரிந்துரைக்க இயலாது.

மின்வெட்டின்போது விளக்கு எரியும் என்ற எண்ணத்தில் பலர் இதை வாங்குகின்றனர். பாட்டரி இல்லாத இணைப்பு அமைப்பில் அது நடக்காது. கம்பியில் மின்சாரம் நின்றதும், உச்சி வெயிலிலும், இன்வர்ட்டர் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில் இவ்வமைப்பு உதவாது. மின்வெட்டு மிகுந்த ஊரில் பாட்டரியுடன் கூடிய அமைப்பையே கேட்டு வாங்க வேண்டும். அதற்கு விலை கூடுதல்.

1 கிலோவாட்டிற்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. தென்னந்தோப்பு வீடுகளில் இதுவே பெரும் இடையூறு. பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மேல் விழும் மட்டை நிழல்கூட மொத்த உற்பத்தியையும் குறைக்கக்கூடும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தென்புற மரங்களின் நிழல் எதுவரை நீள்கிறது என்பதை அப்போது கவனிக்க வேண்டும். பேனல் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருத்தல் நலம்.

வெயிலின் சூடு ஏறினால் மின்சாரமும் ஏறும் என்று எண்ண வேண்டாம். தேவை ஒளியே. சூடு ஏற ஏற உற்பத்தி குறையும். எனவே பேனலின் அடியில் காற்றோட்டத்திற்கு இடைவெளி விட வேண்டும். தாங்கும் சட்டத்தைக் காற்றுக்கு அசையாதபடி தளத்துடன் உறுதியாகப் பிணைப்பதும், சரியான எர்த் இணைப்பும் அவசியம்.

கிணற்று மோட்டாருக்கான இலவச மின் இணைப்பை இதனுடன் சேர்க்கக் கூடாது. அது தனிக் கணக்கு.

திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனத்திடமே வாங்க வேண்டும். இந்தியாவில் தயாரித்த செல்கள் கொண்ட பேனல்களுக்கே மானியம் உண்டு என்பதால், பில்லில் அதைக் குறிப்பிடச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து மீட்டர் பொருத்தப்பட்ட பின்னரே மானியம் வங்கிக் கணக்கில் சேரும். அதுவரை முழுப் பணத்திற்கும் வழி செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

பேனலில் படியும் தூசியை வாரம் ஒருமுறை காலை வேளையில், பேனல் சூடேறும் முன், வெறும் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தால் போதும். உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தினால் வெண்படலம் படிந்துவிடும்.