கவனம் ஏன் நழுவுகிறது? சிகிச்சை எப்படி உதவுகிறது?

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு 12 வயதுக்கு முன்பே தலைகாட்டி, பலருக்கு முதிர்வயதிலும் தொடர்கிறது. திட்டமிடுதல், காத்திருத்தல், நேரத்தைக் கணித்தல் ஆகியவற்றை நடத்தும் மூளைப் பகுதிகளில் டோபமைன், நார்அட்ரினலின் சமிக்ஞைகள் வேறுபடுவது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இதைச் சோம்பல் என்று பழிப்பது அநியாயம்.

மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் அந்தச் சமிக்ஞைகளை வலுப்படுத்துகின்றன. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை அன்றாடப் பழக்கங்களைச் சீரமைக்கிறது: தள்ளிப்போட்ட கடைக் கணக்கை ஒரே மூச்சில் முடிக்க முயலாமல் முதலில் ரசீதுகளை மட்டும் அடுக்குவது, வந்த நினைப்பை உடனே எழுதிவைப்பது, ‘என்னால் முடியாது’ என்ற எண்ணம் உண்மைதானா என்று சோதிப்பது. வேலை தொடங்கும்போது வீட்டார் ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதும் பலருக்குக் கைகொடுக்கிறது.

சிகிச்சை தேடும் திசையன்விளைவாசிகள் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநல சேவையில், 14416 என்ற எண்ணில், தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.