ஏலக்காய்க்கு ஏலம், கஞ்சாவுக்கு ஜெயில்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரத்துக்கு ஸ்பைசஸ் போர்டு லைசென்ஸ் உண்டு, ஏலம்கூட கம்ப்யூட்டரில்தான். அதே மலைக்காட்டில் ஒரு காலத்தில் ஒளித்து வளர்த்த கஞ்சாவுக்கு?

வெள்ளைக்காரன் ஆட்சியில் அதற்கும் லைசென்ஸ் கடை இருந்தது சார்! 1893-94-ல் கமிஷன் போட்டு விசாரித்தார்கள். முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது கமிஷன். கதவைச் சாத்தியது 1985 சட்டம்.

அதிலும் ஒரு வேடிக்கை. பூவும் பிசினும்தான் குற்றம்; வெறும் இலை அந்தச் சட்டப்படி கஞ்சா இல்லை. அதனால் உ.பி., ராஜஸ்தானில் இன்றும் லைசென்ஸ் பாங்குக் கடைகள்!

இங்கே அந்தக் கதையெல்லாம் செல்லாது. 'சின்னப் பார்சல்தான் மாப்ளே, போடிமெட்டைத் தாண்டிக் குடுத்துடு' என்று யாராவது குழைந்தால், கணக்குப் போடுங்கள்: ஒரு கிலோவுக்குள் என்றாலும் 1 வருஷம் வரை உள்ளே, 20 கிலோ தாண்டினால் குறைந்தது 10 வருஷம், 1 லட்சம் அபராதம். அதற்குப் பேசாமல் ஏலக்காய் மூட்டை தூக்கலாம்!