ஏரியைப் பேணுதல் ஊரார் கடமை

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் உள்ளன. ஆற்றுப் பாசனம் எட்டாத ஊர்களில் வயலுக்கு நீரும், கிணற்றுக்கு ஊற்றும், கால்நடைக்குக் குடிநீரும் பெரும்பாலும் இவற்றாலேயே கிடைக்கின்றன. நம் முன்னோர் ஏரிகளை வெட்டியதோடு நின்றுவிடவில்லை; அவற்றைப் பேணவும் தக்க ஏற்பாடு செய்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையில் ‘ஏரி வாரியம்’ என்று தனியே ஒரு குழு இருந்ததைத் தெரிவிக்கிறது. ஊரார் கூடி உழைத்துக் கரையையும் கால்வாயையும் செப்பனிடும் குடிமராமத்து வழக்கமும் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

பிற்காலத்தில் அவ்வழக்கம் தளர்ந்தது. வயலுக்கு வயல் ஆழ்துளைக் கிணறு தோன்றிய பின், ஏரி எவருக்கும் உரியதன்று என்ற எண்ணம் பரவிவிட்டது. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. ஆயினும், அரசு ஒருமுறை செப்பனிட்டுத் தந்த ஏரியை ஆண்டுதோறும் பேணுவது ஊராரின் கையில்தான் இருக்கிறது.

கடைமடையின் குறை

சுற்றுப்பயணத்தின்போது ஓர் ஊரில் கடைமடை விவசாயி ஒருவர், “ஐயா, ஏரி நிரம்பித்தான் இருந்தது. கதிர் வரும் சமயத்தில் என் வயலுக்கு மட்டும் தண்ணீர் இல்லை” என்று முறையிட்டார். அவருடன் கரைமேல் நடந்து பார்த்தபோது காரணம் விளங்கியது. மதகின் பலகை அடியில் இற்றுப்போய், இரவும் பகலும் நீர் கசிந்துகொண்டிருந்தது.

வினாடிக்கு 1 லிட்டர் கசிந்தால் அது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு நாளில் அது 86,400 லிட்டர். 100 நாட்களில் 86 லட்சம் லிட்டருக்கும் மேல். நெல் பயிருக்கு மழைநீரையும் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 50 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். ஆகவே அச்சிறு ஓட்டை வழியே ஒன்றரை ஏக்கருக்கு மேற்பட்ட பயிரின் நீர் வீணாகிவிடுகிறது.

வண்டலின் கணக்கும் இத்தகையதே. 100 ஏக்கர் பரப்புள்ள ஏரியில் கால் மீட்டர் உயரம் வண்டல் படிந்தால், 10 கோடி லிட்டர் நீர் தங்கும் இடம் போய்விடும். அது 20 ஏக்கர் நெல்லுக்குப் போதுமான நீராகும்.

மாதந்தோறும் செய்ய வேண்டுவன

வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள ஊர்கள் பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசி: ஏரி வற்றியிருக்கும் இக்காலத்தில் உரிய அனுமதி பெற்று வண்டல் எடுக்கலாம். மணற்பாங்கான நிலத்தில் வண்டல் இட்டால் ஈரம் நிலைத்து நிற்கும். மண்ணும் வளம் பெறும். கரையை ஒட்டித் தோண்டுதல் கூடாது, கரை வலுவிழக்கும். மதகின் அடிமட்டத்திற்குக் கீழே ஆழமாகத் தோண்டினால், அங்கு நிற்கும் நீர் கிணறுகளுக்கு ஊற்றாகுமேயன்றி வாய்க்காலில் தானாகப் பாயாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆனி, ஆடி: வரத்துக்காலைத் தூர்வார வேண்டும். வரத்துக்கால் அடைபட்ட ஏரி எவ்வளவு ஆழமாயிருந்தும் பயனில்லை. குப்பை கொட்டுவதையும், கால்வாயை ஆக்கிரமிப்பதையும் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும்.

ஆவணி, புரட்டாசி: மதகுப் பலகைகளைப் பழுது பார்க்க வேண்டும். கரையில் முளைத்த சீமைக்கருவேலைச் சிறு செடியாக இருக்கும்போதே அகற்ற வேண்டும். பெரிய மரமானால், வேரோடு எடுத்த குழியில் களிமண் இட்டு நன்கு திமிசு போட வேண்டும். இன்றேல் அதுவே கசிவுக்கு வழியாகும்.

ஐப்பசி, கார்த்திகை: முறை வைத்து இரவும் பகலும் கரையைக் காக்க வேண்டும். அதிக நீர் தேக்கும் ஆசையால் கலங்கலின்மேல் மணல் மூட்டை அடுக்குவது கரைக்கே ஆபத்தாகும். ஏரியின் உள்வாயில் பயிரிட்டவர் அப்பயிரைக் காக்கக் கலங்கலை உடைப்பது ஊருக்கே தீங்காகும்.

மார்கழி முதல்: இருக்கும் நீரை அளந்து, எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று முன்கூட்டியே ஆயக்கட்டுதாரர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். நீர் குறைவாயின் உளுந்து, கேழ்வரகு போன்ற பயிர்களை மேற்கொள்வது நலம்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபை, இப்பணிகளைத் திட்டமிட ஏற்ற சமயமாகும். எந்த வேலை, எந்த நாள், யார் பொறுப்பு என்பதை எழுதி வைக்க வேண்டும். பெரிய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. அங்கு வேலை தொடங்குமுன் அத்துறையினரைக் கலந்துகொள்ள வேண்டும். உழைக்க இயலாதவர் பணமாகவோ, வண்டி மாடாகவோ, டிராக்டராகவோ உதவலாம். நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு உரிய கூலியை அறுவடையின்போது தவறாது அளித்தல் வேண்டும்.

தலைமடைக்காரர், “எனக்குத்தான் தண்ணீர் வருகிறதே” என்று ஒதுங்கி நிற்பதே இம்முயற்சிக்குப் பெருந்தடையாகும். கரை உடைந்தால் முதலில் மூழ்குவது அவர் வயலே என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேற்சொன்ன ஊரில் அன்று மாலையே வைக்கோலும் களிமண்ணும் கொண்டு மதகை அடைத்தனர். அதற்கு நான்கைந்து பேரும், இரண்டு மணி நேரமும் போதுமானதாயிருந்தது. ஆனால் கடைமடைப் பயிர் அதற்குள் பதராகிவிட்டது. புரட்டாசியில் அந்த இரண்டு மணி நேரத்தைச் செலவிட்டிருந்தால் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு மிஞ்சியிருக்கும். ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இவ்வாண்டு மழைக்கு முன்னரே தத்தம் ஊர் ஏரிக்கரைமேல் ஒருமுறை சேர்ந்து நடந்து வருவார்களாக.