சிற்றினக் கோழிகளும் புரதச் சத்தும்

மத்தியப் பிரதேசத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஜாபுவா மாவட்டத்துக்குப் பெயர் தேடித் தந்திருப்பது ஒரு கறுப்புக் கோழி. கடக்நாத் எனப்படும் இவ்வினத்துக்குத் தோல், சதை, எலும்பு வரையில் கருமை படர்ந்திருக்கும். இதன் இறைச்சிக்கு 2018-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சேவலே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான் நிறுக்கும். பெட்டை அதனினும் சிறிது. பீல் குடிகளின் வீடுகளில் இக்கோழி அவசரத்துக்குக் கைகொடுக்கும் ரொக்கமாகும். ஆதலின் குஞ்சு பிழைப்பதும் மடிவதும் அவர்களுக்கு வீட்டு வரவு செலவு பற்றிய விஷயம்.

சிறிய பறவைக்குச் சிறிது தீனி போதும் என நாம் எண்ணுவது இயல்பே. அளவைப் பொறுத்தவரை அது மெய். தரத்தைப் பொறுத்தவரை அன்று. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, எட்டு வாரத்துக்குள் தன் எடையைப் பன்மடங்கு பெருக்கி, உடல் முழுவதும் இறகும் வளர்த்துக்கொள்ள வேண்டும். இறகோ பெரும்பாலும் புரதமே. இப்பருவத்துத் தீனியில் நூற்றுக்கு 20 பங்கு புரதம் வேண்டும். நாம் இறைக்கும் அரிசி நொய்யில் இருப்பது எட்டுப் பங்கு, மக்காச்சோளத்தில் ஒன்பது. எஞ்சியதைத் தாய்க்கோழி குப்பையைக் கிளறிப் புழு பூச்சிகளால் ஈடுசெய்கிறது. கறையான் புற்றைப் பெயர்த்துக் குஞ்சுகளின் முன் போடும் கிராமத்து வழக்கம் பொருளற்றதன்று.

புரதம் என்பதும் ஒரே பொருளன்று. ஏறத்தாழ 20 அமினோ அமிலங்களின் கோவை. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை முழுப் பயன் தரா. கடலைப் பிண்ணாக்கில் 40 பங்குக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் லைசினும் மெத்தியோனினும் குறைவு. மெத்தியோனின் இன்றி இறகு செழிக்காது. சிறிதளவு மீன் தூளோ சோயாப் பிண்ணாக்கோ கலந்தால் குறை பெரிதும் நீங்கும். பூஞ்சணம் பூத்த பிண்ணாக்கை மட்டும் தொடலாகாது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணமெனப் பின்னர்த் தெரியவந்தது.

தீனி மூட்டையின் சீட்டில் 'கச்சாப் புரதம்' என்றிருக்கும். இச்சொல்லை மொழிபெயர்க்கும்போதெல்லாம் என் பேனா சற்றுத் தயங்குவதுண்டு. தீனியிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் வரும் தொகையே அது. தோல் தூளைக் கலந்தாலும் அத்தொகை உயரும். கோழிக்கோ அது எளிதில் செரியாது.

கோடையில் கணக்கே மாறிவிடும். நாளொன்றுக்கு 70 கிராம் தின்னும் பெட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 16 பங்குள்ள தீனியில் அதற்கு 11 கிராம் புரதம் கிட்டும். உஷ்ணத்தால் 55 கிராம்தான் தின்கிறது என்றால், 9 கிராம்கூட எட்டாது. 45 கிராம் எடையுள்ள ஒரு முட்டைக்கே ஐந்து கிராமுக்கு மேல் போய்விடும். பழைய அளவைக் கொடுக்க வேண்டுமானால் தீனியின் புரதத்தை 20 பங்காக உயர்த்த வேண்டும்.

அதற்காக வாரி வழங்கவும் வேண்டாம். மிஞ்சிய புரதத்தை உடல் சேமித்து வைப்பதில்லை. அதன் நைட்ரஜன் யூரிக அமிலமாகிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. எச்சத்தில் வெண்மையாகப் படிவது அதுவே. அதற்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே தீனித் தொட்டியைப் பார்க்கும் போதே தண்ணீர்ச் சட்டியையும் பார்த்து, நிழலில் நகர்த்தி வையுங்கள்.