சிதைந்தது யாருடைய குடும்பம்?



கூட்டுக்குடும்பம் சிதைந்து தனிக்குடும்பம் வந்துவிட்டது என்று பாடநூல்கள் சொல்கின்றன. திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் அந்த ஏக்கத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இந்த நினைவுரையில் நாம் கேட்க விரும்புவது ஒன்றுதான்: சிதைந்தது யாருடைய குடும்பம்?

பிரிக்கப்படாத நிலம், பொதுக் களஞ்சியம், ஆண் வாரிசுக்குப் பிறப்பிலேயே கிடைத்த பங்குரிமை ஆகியவற்றின் மேல்தான் கூட்டுக்குடும்பம் நின்றது. நிலம் துண்டுபட்டால் நட்டம் என்பதால் அண்ணன் தம்பிகள் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். பிரித்துக்கொள்ள ஏதுமற்ற சேரியில் அந்தக் கட்டாயம் இல்லை. மகனுக்குக் கல்யாணமானால் பக்கத்திலேயே இன்னொரு குடிசை எழும்பியது. கீழத்தஞ்சையின் பண்ணையாள் முறையிலோ குடும்பமே மிராசுதாரின் கணக்கில் இருந்தது. கணவன் ஏருக்கு, மனைவி நடவுக்கு, பிள்ளை மாடு மேய்க்க. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது.

அரசின் ஏடுகளிலும் இந்த வேறுபாடு உண்டு. பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்தைத் தனி வரி அலகாக 1922ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் ஏற்றது. 1961ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. பூர்வீகச் சொத்துள்ள வீட்டுக்கு அது வரிச் சலுகை. தினக்கூலி வீட்டுக்கு அதனால் ஒரு காசு பயனில்லை.

பெண்களின் சொத்துரிமையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லி அண்ணல் அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். தமிழ்நாடு 1989இலும், நாடு முழுவதற்குமாக நாடாளுமன்றம் 2005இலும், பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்குரிமை வழங்கின. இவை நாம் காக்க வேண்டிய சட்டங்கள். ஆனால் மகள் பங்கு கேட்க, தகப்பனிடம் நிலம் இருக்க வேண்டுமே! 1892ஆம் ஆண்டு ஆணையின் வழியே நம் முன்னோருக்குக் கிடைத்த பஞ்சமி நிலங்களில் ஏராளமானவை பிறர் கையில் இருக்கின்றன. நம் வீட்டு மகள் எதில் பங்கு கேட்பாள்?

வீடு சுருங்கியது, சாதி சுருங்கவில்லை. அகமணமே சாதியின் அடிப்படை என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். மாநகர அடுக்குமாடியில் நான்கு பேராக வாழும் குடும்பமும் வரன் தேடும்போது சாதியைத்தான் முதலில் கேட்கிறது. அதுவரை ஊரில் இருந்த பெரியப்பாவும் தாய்மாமனும் அப்போது வந்து சபையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த எல்லையைத் தாண்டி மணந்ததற்காகத்தான் 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஆகவே, ஒரே அடுப்பா தனி அடுப்பா என்று எண்ணிக்கொண்டிருப்பதால் சமத்துவம் வந்துவிட்டதா என்பது தெரியாது. பட்டா யார் பெயரில் இருக்கிறது, மணமகனையும் மணமகளையும் யார் முடிவு செய்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும். பஞ்சமி நில மீட்பையும், மீட்ட நிலத்தில் பெண்ணின் பெயரையும், சாதி மறுத்து மணப்போருக்கான பாதுகாப்பையும் நாம் ஒரே கோரிக்கையாக முன்வைப்போம். இவற்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் நிலைக்காது.