"மைக்கை மட்டும் கொடுத்துராதீங்க!" பயத்தை வென்ற கோவை பட்டறைக்காரர்

"மெசினைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்றனுங்க. மைக்கை மட்டும் கையில கொடுத்துராதீங்க!"

கோவையில் பட்டறை நடத்துகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது.

மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லி விடுவார்கள். ஆனால் பாங்கி மேனேஜர் முன்னால், வெளியூர் வியாபாரி முன்னால், கூட்டத்தில் நாலு பேர் முன்னால் என்றால் நாக்கு ஒட்டிக் கொள்ளும். ஆர்டர் கை நழுவும். கடன் தள்ளிப் போகும். சரக்கு நல்ல சரக்கு. எடுத்துச் சொல்லத்தான் வாய் வராது!

இந்தக் கூச்சத்தை உடைத்துக் காட்டியவரும் ஒரு கோவைக்காரர்தான். அவர் பெயர் அருணாசலம் முருகானந்தம். பாப்பநாயக்கன்புதூரைச் சேர்ந்தவர்.

போன் செலவு ரூ.7 ஆயிரம்

முருகானந்தத்தின் தந்தை கைத்தறி நெசவாளி. அவர் சாலை விபத்தில் இறந்து விட்டார். மகனின் படிப்பு 14 வயதில் நின்றது. பட்டறை வேலைக்குப் போனார்.

1998-ம் ஆண்டு திருமணம் நடந்தது. மாதவிலக்கு நாட்களில் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்தார். விலை குறைந்த நாப்கின் செய்தே தீருவது என்று இறங்கினார்.

பஞ்சை வைத்துச் செய்து பார்த்தார். பலன் இல்லை. கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது என்ன? பெரிய கம்பெனிகளுக்குப் போன் போட்டார். ஆங்கிலம் சரியாக வராது. "உங்களிடம் எந்த வகை பிளாண்ட் இருக்கிறது?" என்று எதிர்முனையில் கேட்டார்கள். கேள்வியே புரியவில்லை! போனுக்கு மட்டும் ஏறத்தாழ 7 ஆயிரம் ரூபாய் கரைந்தது.

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கடிதம் எழுத உதவினார். அதற்குப் பதிலாக அவர் வீட்டு வேலைகளை முருகானந்தம் செய்து கொடுத்தார். உள்ளே இருப்பது மரக்கூழ் நார் என்று தெரிய 2 ஆண்டு 3 மாதம் ஆயிற்று. இதற்கிடையே மனைவி பிரிந்து போனார். தாயும் போய் விட்டார். ஊர் ஏளனம் செய்தது. அவர் மட்டும் விடவில்லை.

தேசிய கண்டுபிடிப்பு விருதுப் போட்டியில், 943 கண்டுபிடிப்புகளில் அவருடைய மெசின் முதல் இடம் பெற்றது. பிரிந்த மனைவியும் திரும்பி வந்தார்.

மேடையில் சிரிப்பலை

2012-ம் ஆண்டு 'டெட்' அமைப்பு பெங்களூருவில் நடத்திய கூட்டத்தில் முருகானந்தம் ஆங்கிலத்தில் பேசினார். அரைகுறை ஆங்கிலம்தான். இலக்கணம் அங்கங்கே தடுக்கி விழுந்தது. ஆனாலும் கூட்டம் கட்டுண்டு கிடந்தது.

எப்படி?

அவர் மெசினில் தொடங்கவில்லை. மனைவியில் தொடங்கினார். கால்பந்து பிளாடரில் ரத்தத்தை ஊற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு, தானே நாப்கின் அணிந்து பார்த்த கதையைச் சொன்னார். தன்னைத் தானே கேலி செய்தார். அரங்கம் சிரித்தது. சிரித்த வாய் மூடுவதற்குள், ஏழைப் பெண்கள் படும் பாட்டை எடுத்து வைத்தார்.

அந்தப் பேச்சை உலகம் முழுவதும் கேட்டார்கள். 2014-ல் 'டைம்' பத்திரிகையின் 100 பேர் பட்டியலில் இடம் பிடித்தார். 2016-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்தப் பெருமை அவருடைய உழைப்புக்குத்தான். ஆனால் அந்த உழைப்பை ஊர் தாண்டிக் கொண்டு போனதில் பேச்சுக்கும் பங்கு உண்டு.

என்ன செய்யலாம்?

பம்புசெட் விற்கப் போகிறவர், "இத்தனை எச்.பி., இத்தனை ஆர்.பி.எம்." என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் கொட்டாவி விடுவார். "ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வருதுங்க. தோட்டத்துக்காரர் தூக்கம் கெட்டு எந்திரிச்சுப் போறார். அந்நேரம் மோட்டார் மக்கர் பண்ணுனா என்னாகும்?" என்று தொடங்கினால் நிமிர்ந்து உட்காருவார். எச்.பி. கணக்கு அதற்குப் பிறகு!

காகிதத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது. மறந்து விடும் என்றால் நாலு வார்த்தையைக் குறித்துக் கொண்டால் போதும். பொருளையே கையோடு கொண்டு போவது இன்னும் நல்லது. நடுங்குகிற கைக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

பழகிக் கொள்ளவும் இடம் உண்டு. 1924-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய 'டோஸ்ட்மாஸ்டர்ஸ்' மன்றங்கள் இன்று கோவையிலும் இருக்கின்றன. அங்கே வழக்கமான பேச்சு 5 முதல் 7 நிமிடம். 5-வது நிமிடம் பச்சை விளக்கு. 6-ல் மஞ்சள். 7-ல் சிவப்பு! எத்தனை தடவை "ஆ... ஊ..." என்று இழுத்தார் என்று எண்ணிச் சொல்லவும் ஆள் உண்டு.

மன்றத்துக்குப் போக நேரம் இல்லையா? கடிகாரத்தை எதிரே வைத்து, எழுந்து நின்று, வீட்டில் இருப்பவர்களிடம் வாய்விட்டுப் பேசிப் பார்க்கலாம். மனதுக்குள் பேசினால் போதாது.

முதல் தடவை கால் நடுங்கத்தான் செய்யும். நடுங்கட்டும்! ஏனுங்க, அடுத்த கூட்டத்துல மைக் உங்க பக்கம் வந்தா தள்ளி விட்றாதீங்க!